ஹைட்டியின் கணக்கைப் பார்க்க உட்கார்ந்திருப்பவர்களுக்கு

பிரான்ஸ்–ஹைட்டி வரலாற்றுக் கூட்டுக் குழுவின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் புதுச்சேரிக்காரன். முப்பத்தைந்து வருஷம் கணக்கு எழுதிப் பிழைத்தவன், இப்போது ஓய்வு. வரலாற்றுப் பேராசிரியர்களுக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் சுதந்திரத்துக்கு விலையாக ஹைட்டியிடம் பிரான்ஸ் வசூலித்த பணத்தின் கதைதான் உங்கள் மேஜையில் இருக்கிறது. அது பாதி வரலாறு, பாதி பேரேடு. பேரேட்டைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. தமிழில்தான் எழுதுகிறேன். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமானால் பாரீஸில் லா ஷப்பேல் பக்கம் போங்கள், நாலு தமிழ்க் கடை ஏறி இறங்குவதற்குள் கிடைத்துவிடுவார்கள்.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா வீடு இருக்கிறது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்தவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். உங்கள் ஊர்ச் சொல்தான், இங்கே வந்து தமிழாகிவிட்டது. அந்த வீட்டுப் பெரியவர் அல்ஜீரியா வரை போய் வந்தவர். அவர் காலமாகிப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. அவர் மனைவிக்கு எண்பத்திரண்டு வயது, நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கணவரின் பென்ஷனில் ஒரு பங்கு அவருக்குத் தவறாமல் வருகிறது. வருஷத்துக்கு ஒரு தடவை பிரான்ஸிலிருந்து ஒரு படிவமும் வரும். இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கும் லைஃப் சர்டிபிகேட். அதை நிரப்பித் தருவது என் வேலை. பிறந்த ஊர், பிறந்த தேதி, பென்ஷன் எண், கீழே நடுங்கும் கையெழுத்து. "நான் இருக்கேனா இல்லையான்னு எம்புள்ளைங்க கேக்கறதில்ல தம்பி, பிரான்ஸ்தான் வருஷம் தவறாம கேக்குது" என்பார்.

1954 அக்டோபரில் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்று வாக்களித்தார்கள். நவம்பர் 1-ஆம் தேதி உங்கள் கொடி இறங்கியது. 1962 ஆகஸ்டில் சட்டப்படி எல்லாம் முடிந்தது. ஊரை விட்டுவிட்டுப் போனீர்கள். ஆனால் பேரேட்டில் ஒரு வரி அழியவில்லை. பிரான்ஸில் அப்போது இருந்த நாலாம் குடியரசு சேர்த்துக்கொண்ட சிப்பாயின் பெண்சாதிக்கு இப்போதைய ஐந்தாம் குடியரசு பணம் அனுப்புகிறது. கையெழுத்துப் போட்ட அதிகாரி செத்திருப்பார், அந்த அலுவலகமே இல்லாமல் போயிருக்கும், நாணயம் பிராங்கிலிருந்து யூரோவுக்கு மாறிவிட்டது. ஆயிரத்துக்கு இடைவெளி, சில்லறைக்குக் காற்புள்ளி என்று உங்கள் பாணியில் எழுதிய தொகை மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. கணக்கு எழுதியவன் என்ற முறையில் இதைப் பார்த்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது, கேலியாகச் சொல்லவில்லை.

அதனால்தான் ஹைட்டி விஷயத்தில் ஒரு பேச்சைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "அதெல்லாம் இருநூறு வருஷக் கதை, இப்போது யார் யாருக்கு என்ன தரவேண்டும் என்று எப்படிக் கணக்கிடுவது?" இதை வேறு யாராவது சொன்னால் சரி என்று விடலாம். பிரான்ஸ் சொல்லக் கூடாது.

இந்த மடலை எங்கள் ஊர்க்காரர்களும் படிப்பார்கள். ஆகவே உங்களுக்கு மனப்பாடமானதையே கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹைட்டி கரீபியன் கடலில் இருக்கும் சின்ன நாடு, தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்குதான். சேன் தொமாங் என்ற பெயரில் அது பிரெஞ்சுக் குடியேற்றமாக இருந்தபோது, 1780-களில், ஐரோப்பா தின்ற சர்க்கரையில் ஏறக்குறைய நாற்பது சதவீதமும் குடித்த காப்பியில் பாதிக்கு மேலும் அங்கிருந்துதான் போயின. உழைத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள், சுமார் ஐந்து லட்சம் பேர். வெள்ளைக்காரர்கள் நாற்பதாயிரம்கூட இருக்கமாட்டார்கள். கரும்பு ஆலையில் இராப்பகலாக நின்று செத்தவர்களின் இடத்தை நிரப்ப அடுத்த கப்பல் வரும். புது ஆளை வாங்குவது இருப்பவனுக்குச் சோறு போடுவதைவிட மலிவு என்று தோட்ட முதலாளிகள் கணக்குப் போட்ட ஊர் அது.

இதில் எங்கள் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. புதுச்சேரியைச் சுற்றிய ஊர்களில் நெய்து, அவுரியில் தோய்த்த நீலத்துணிக்கு உங்கள் வணிகர்கள் வைத்த பெயர் 'கினே'. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் அது பணம் மாதிரி செல்லுபடியானது. அந்தத் துணியைக் கொடுத்து ஆளை வாங்கினார்கள். நெய்தவனுக்கும் சாயம் போட்டவனுக்கும் அது எங்கே போகிறது என்று தெரிந்திருக்காது. உங்கள் வணிகர்களுக்கு இடைத்தரகர்களாக இருந்த துபாஷிகளில் தெரிந்தவர்கள் யாராவது இருந்தார்களா, அதை வேறொரு நாள் நாங்களே கேட்டுக்கொள்கிறோம்.

1791 ஆகஸ்டில் அடிமைகள் எழுந்தார்கள். பதின்மூன்று வருஷப் போர். அவர்களின் தலைவர் தூசேன் லூவெர்த்தூரைப் பேச்சுவார்த்தைக்கு என்று கூப்பிட்டுப் பிடித்து, கப்பலேற்றி, ஜூரா மலையில் ஒரு கோட்டையில் அடைத்தார்கள். 1803 ஏப்ரல் 7-ஆம் தேதி அங்கே குளிரில் செத்தார். அதே வருஷம் நவம்பரில் நெப்போலியனின் படை வெர்த்தியேரில் தோற்றது. 1804 ஜனவரி 1 அன்று தூசேனின் தளபதியாக இருந்த தெஸ்ஸலின் என்பவர் விடுதலையை அறிவித்தார். ஆண்டவர்களின் வீட்டில் பரங்கிக்காய் சூப்பைக் காய்ச்சிப் பரிமாறியவர்கள் அதை வாயில் வைக்கக் கூடாது என்று இருந்ததாம். அதனால் இன்றைக்கும் ஜனவரி 1 அன்று ஹைட்டியில் ஏழை வீடு, பணக்கார வீடு என்றில்லாமல் எல்லா அடுப்பிலும் பரங்கிக்காய் சூப்தான். 'சூப் ஜூமூ' என்பார்கள். 2021-ல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பொங்கலன்று எங்கள் வீடுகளில் பூசணியும் பரங்கியும் போட்டுக் கொதிக்கும் குழம்பு நினைவுக்கு வரும்போதெல்லாம் எனக்கு இதுவும் நினைவுக்கு வருகிறது.

சரி, பேரேட்டுக்கு வருகிறேன்.

1825 ஏப்ரல் 17 அன்று பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸ் ஓர் அரசாணை போட்டார். ஜூலையில் பதினான்கு போர்க்கப்பல்கள் அதை எடுத்துக்கொண்டு போர்ட்-ஓ-பிரின்ஸ் துறைமுகத்துக்கு வந்தன. ஐந்நூறுக்கு மேல் பீரங்கிகள். ஆணையின் சாரம் மூன்றே விஷயங்கள்தான். துறைமுகத்தில் பிரெஞ்சுக் கப்பலுக்குப் பாதி வரி. தோட்டங்களை இழந்த பழைய முதலாளிகளுக்கு ஐந்து தவணையில் 15 கோடி பிராங்க். இவற்றுக்குச் சம்மதித்தால் சுதந்திரத்தை "அளிக்கிறோம்". இருபத்தொரு வருஷத்துக்கு முன்பே உயிரைக் கொடுத்து எடுத்துக்கொண்டதை! ஹைட்டி அதிபர் புவாயே கையெழுத்துப் போட்டார்.

அந்த 15 கோடியை முதலாளிகளுக்கு எப்படிப் பிரித்தார்கள் என்று பார்க்கிறபோது ஒரு கணக்கனுக்குக் கை நடுங்கும். 1789-ல் அந்தச் சொத்துகளின் மதிப்பைப் போட்டு, அதில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தார்கள். தோட்டத்தின் மதிப்பைப் போடும்போது அங்கே எத்தனை அடிமைகள் இருந்தார்கள் என்பதும் கணக்கில் வந்தது. அதாவது, தன்னையும் தன் அப்பனையும் விலைபோட்ட தொகையை ஒருவன் தானே கட்ட வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு எண் இருக்கிறது. 1803-ல் லூசியானாவை, சுமார் 21 லட்சம் சதுர கிலோமீட்டரை, பிரான்ஸ் அமெரிக்காவுக்கு விற்றது 8 கோடி பிராங்குக்கு. ஹைட்டியின் பரப்பு 28 ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் குறைவு.

முதல் தவணை 3 கோடி. கஜானாவில் அவ்வளவு இல்லை. கடன் வாங்கித்தான் ஆக வேண்டும், அதுவும் பாரீஸில்தான் வாங்கினார்கள். பத்திரத்தில் 3 கோடி, கையில் வந்தது 2 கோடியே 40 லட்சம். மிச்சம் 60 லட்சம் வங்கிக்காரர்களுக்கு. இதை உங்களுக்கு விளக்க வேண்டியிருக்கலாம், எங்கள் ஊர் காய்கறிக்காரம்மாவுக்கு விளக்க வேண்டியதில்லை. தண்டல் வாங்கினால் பத்தாயிரத்துக்குச் சொல்லிவிட்டு எட்டாயிரத்தைத்தான் நீட்டுவார்கள், கட்டுவது பத்தாயிரம். விகிதம் அச்சாக அதேதான். எங்கள் தண்டல்காரர் சைக்கிளில் வருவார், இவர்கள் போர்க்கப்பலோடு வந்தார்கள்.

சண்டையில் தோற்றவன் ஜெயித்தவனிடம் நஷ்டஈடு வாங்கியதும், அதைக் கட்ட வேண்டிய கடனைத் தானே கொடுத்து வட்டி வாங்கியதும் இங்கேதான். வரலாற்றாசிரியர்கள் இதற்கு 'இரட்டைக் கடன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1838-ல் பாக்கி 12 கோடியை 6 கோடியாகக் குறைத்தார்கள், முப்பது வருஷத் தவணை. பெருந்தன்மை என்று அதைச் சொன்னவர்கள் உண்டு. கட்டவே முடியாது என்று தெரிந்த தொகையைப் பாதியாக்கினால் வசூல் நிச்சயம் என்பது வட்டிக்கடை பால பாடம்.

1888 வரை கட்டினார்கள். யார் கட்டினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நாட்டின் வருமானம் பெரும்பாலும் காப்பி ஏற்றுமதி வரி. மலைச்சரிவில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்துக்கொண்டு காப்பிப்பழம் பறித்துக் காயவைத்து, கழுதையில் ஏற்றித் துறைமுகத்துக்கு இறக்கிய குடியானவன் கட்டினான். தாத்தா சங்கிலியில் இருந்தவர், பேரன் அந்தத் தாத்தாவின் விலையைக் கட்டினான். பள்ளிக்கூடத்துக்கும் ரோட்டுக்கும் போக வேண்டிய காசு. அந்தக் காலத்தில் வரியைப் பிழிய ஹைட்டியின் ஆட்சியாளர்கள் குடியானவனை நிலத்தோடு கட்டிப்போட்டு 1826-ல் ஒரு சட்டமே போட்டார்கள். சுதந்திரம் வாங்கியவனை மறுபடி தோட்டத்துக்குத் துரத்தும் சட்டம். அதை உங்கள் தலையில் மட்டும் கட்ட நான் வரவில்லை. ஆனால் அது எதற்காகப் போட்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

பழைய கடன் தீரும் முன்பே புதுக்கடன். 1875-ல் பாரீஸ் வங்கி ஒன்று கொடுத்த கடனில் நாற்பது சதவீதத்தை வங்கிக்காரர்கள் முன்னாலேயே எடுத்துக்கொண்டார்கள். ஹைட்டிப் பெரிய மனிதர்கள் சிலரும் அதில் கை நனைத்தார்கள். 1880-ல் அதே வங்கி ஹைட்டிக்கு ஒரு 'தேசிய வங்கி' அமைத்துக் கொடுத்தது. தலைமை அலுவலகம் பாரீஸில். ஹைட்டி அரசு தன் பணத்தைப் போட்டாலும் எடுத்தாலும் தரகு. கிரெதி அந்தூஸ்திரியேல் எ கொமெர்சியால் என்ற அந்த வங்கி ஐஃபல் கோபுரத்துக்கும் முதலீடு போட்ட வங்கிகளில் ஒன்று. ஹைட்டிக் காசில் கோபுரம் கட்டினார்கள் என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு, நான் அப்படிச் சொல்ல மாட்டேன். எந்தக் காசு எந்தத் தூணுக்குப் போனது என்று யாரும் பிரித்துக் காட்ட முடியாது. ஒரே கல்லாப்பெட்டி என்பது வரைதான் தெரியும், அது போதும். 1911-ல் காப்பி வரியாக வந்த ஒவ்வொரு 3 டாலரிலும் 2.53 டாலர் பிரெஞ்சுக் கடன்காரர்களுக்குப் போனது.

அப்புறம் அமெரிக்கா வந்தது. 1914 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் போர்ட்-ஓ-பிரின்ஸ் வங்கியில் இருந்த ஐந்து லட்சம் டாலர் தங்கத்தைத் தூக்கிக்கொண்டு நியூயார்க் போனார்கள். அடுத்த வருஷம் நாட்டையே பிடித்து, 1934 வரை வைத்திருந்தார்கள். 1922-ல் அவர்கள் எடுக்கவைத்த கடன் பெரும்பாலும் பழைய பிரெஞ்சுக் கடன்களை அடைக்கவே போனது. அது தீர்ந்தது 1947-ல். இந்தியா சுதந்திரம் வாங்கிய வருஷம்தான் ஹைட்டி தன் சுதந்திரத்துக்கான கடைசிக் கடனை முடித்தது என்று சொன்னால் மிகையில்லை. பின்னாளில், 1990-களில், அரிசிக்கான இறக்குமதி வரியை மூன்று சதவீதத்துக்குக் குறைக்கவைத்து ஹைட்டியின் நெல் விவசாயத்தை அமெரிக்கா படுக்கவைத்த கதையும் இருக்கிறது. மியாமி அரிசி என்றே அங்கே பெயர். அதற்காகப் பில் கிளின்டன் 2010-ல் வருத்தம் தெரிவித்தார். அந்த பில்லை வாஷிங்டனுக்கு அனுப்ப வேண்டும், உங்களுக்கு அல்ல.

இருபத்தோராம் நூற்றாண்டில் என்ன நடந்தது என்பது உங்கள் குழுவுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. தூசேன் செத்து இருநூறு வருஷம் ஆன நாளில், 2003 ஏப்ரல் 7-ஆம் தேதி, ஹைட்டி அதிபர் அரிஸ்தீது பிரான்ஸுக்கு ஒரு பில் போட்டார். 2,168 கோடியே 51 லட்சத்து 35 ஆயிரத்து 571 டாலர், 48 சென்ட். அந்த 48 சென்ட்டைப் பார்த்துச் சிரித்தவர்கள் அதிகம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை விழுக்காடு வட்டி, இத்தனை வருஷம் என்று பெருக்கினால் கடைசியில் சில்லறை நிற்கத்தான் செய்யும். முழு எண்ணாக வந்தால்தான் நான் சந்தேகப்படுவேன். பிரான்ஸ் ஒரு குழு அமைத்தது. அந்தக் குழு இதற்குச் சட்ட அடிப்படை இல்லை என்றது. 2004 பிப்ரவரி கடைசியில் அரிஸ்தீது நாட்டிலேயே இல்லை. அவர் போன விதத்தில் எத்தனை பேர் கை இருந்தது என்ற வழக்கை இங்கே எடுக்கவில்லை. அவரோடு பில்லும் போய்விட்டது.

2010-ல் நிலநடுக்கம். இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் செத்த பிறகு சார்க்கோசி சில மணி நேரம் வந்தார். சுதந்திரத்துக்குப் பின் அங்கே கால் வைத்த முதல் பிரெஞ்சு அதிபர். உதவித் தொகை அறிவித்தார். அதில் ஒரு பகுதி, ஹைட்டி பிரான்ஸுக்குத் தரவேண்டிய 5.6 கோடி யூரோ கடனைத் தள்ளுபடி செய்தது. இன்னொரு தரம் படியுங்கள். ஹைட்டி, பிரான்ஸுக்கு, தரவேண்டிய கடன்.

2015 மே மாதம், கரீபியனில் பிரான்ஸ் கையில் இருக்கும் தீவான குவாதலூப்பில் நின்று, அப்போதைய பிரெஞ்சு அதிபர் ஒல்லாந்து, ஹைட்டிக்குப் போகும்போது நம் கடனைத் தீர்ப்பேன் என்றார். கூட்டத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். தட்டிய கை கீழே இறங்குவதற்குள் உதவியாளர்கள் விளக்கம் கொடுத்துவிட்டார்கள். அவர் சொன்னது தார்மீகக் கடனாம். தார்மீகக் கடன் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்ததே இல்லை. பேரேட்டில் அதற்குத் தனி இடம் எதுவும் கிடையாது. 1825-ல் பத்தாம் சார்லஸ் தார்மீகப் பிராங்க் கேட்டிருந்தால் சரியாகப் போயிருக்கும்.

குவாதலூப் என்றதும் ஒரு சின்ன விஷயம். ஹைட்டி கையை விட்டுப் போனதும், 1848-ல் மற்ற தீவுகளிலும் அடிமை முறையை ஒழித்ததும், கரும்பு வெட்ட ஆள் இல்லாமல் போனது. அப்போதும் ஈட்டுத்தொகை வாங்கியது முதலாளிகள்தான். ஆள் தேடி எங்கள் கரைக்கு வந்தீர்கள். புதுச்சேரி, காரைக்காலிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினார்கள். ஒரேலி என்ற கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக்கிலும், அடுத்த வருஷக் கடைசியில் குவாதலூப்பிலும் அவர்களை இறக்கியது. அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று தமிழ் தெரியாது, ஆனால் அங்கே கறிக்குழம்புக்குக் 'கொலொம்போ' என்று பெயர். ஹைட்டியின் கதை எங்களுக்கு வேற்றூர்க் கதை இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

2025 ஏப்ரல் 17 அன்று, அரசாணைக்கு இருநூறு வயது முடிந்த நாளில், பிரெஞ்சு அதிபர் மக்ரோன் உங்கள் குழுவை அறிவித்தார். சுதந்திரத்துக்கு விலை வைத்தது அநியாயம் என்பதை ஒப்புக்கொண்டார். நல்லது. பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. உண்மையைக் கண்டறியுங்கள் என்றார். உங்களில் பலர் இந்த உண்மையைப் பல வருஷமாக எழுதியவர்கள். உங்களுக்கே தெரிந்ததை உங்களையே கண்டறியச் சொல்லியிருக்கிறார்கள். அரசாங்கம் குழு போடுவது எதற்கென்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆனாலும் குழுவை வீண் என்று நான் நினைக்கவில்லை. அறிக்கையில் ஓர் எண் இருந்தால் வீண் இல்லை. நான் கேட்பது அதை மட்டும்தான். "ஆழமான வடு", "பகிர்ந்துகொண்ட வலி" என்ற சொற்களோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த வருஷம் எவ்வளவு போனது, எந்தக் கணக்கில் ஏறியது, யார் கைக்குப் போனது, தரகு எவ்வளவு, வட்டி எவ்வளவு, இன்றைய மதிப்பில் எவ்வளவு. 2022-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைக்காரர்கள் ஆவணங்களைத் தோண்டி இதைச் செய்து பார்த்தார்கள். கட்டியது இன்றைய மதிப்பில் சுமார் 56 கோடி டாலர் என்றும், அந்தப் பணம் நாட்டிலேயே தங்கியிருந்தால் 2,100 கோடியிலிருந்து 11,500 கோடி டாலர் வரை ஆகியிருக்கும் என்றும் எழுதினார்கள். அந்த இரண்டாவது எண்ணோடு சண்டை போட இடம் இருக்கிறது, போடுங்கள். முதல் எண்ணோடு சண்டை போட முடியாது. ஒரு பத்திரிகையால் முடிந்தது, இரண்டு அரசாங்கங்களின் ஆவணக் காப்பகம் திறந்திருக்கும் குழுவால் முடியாதா?

எதிர்க்கேள்விகள் எனக்கும் தெரியும். யாருக்குக் கொடுப்பது? ஹைட்டியில் அரசாங்கம் என்று ஒன்று இருக்கிறதா? 2021-ல் அதிபரையே வீட்டில் புகுந்து சுட்டார்கள். தலைநகரில் பெரும்பகுதி ஆயுதக் கும்பல்கள் கையில். பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு ஓடியிருக்கிறார்கள். ஹைட்டியை ஆண்ட துவாலியே குடும்பம் அப்பனும் மகனுமாக 29 வருஷம் சுரண்டியது. 1986-ல் மகன் ஓடிப்போய்த் தங்கிய நாடு எது என்று உங்களுக்கே தெரியும். எல்லாம் உண்மை. ஆனால் இதெல்லாம் எப்படிக் கொடுப்பது என்ற கேள்விக்குப் பதில். எவ்வளவு என்ற கேள்விக்கு இல்லை. முந்தின கேள்வியைக் காட்டிப் பிந்தின கேள்வியைத் தள்ளிப்போடுவது கடன்பட்டவன் வழக்கமாகச் செய்கிற தந்திரம்.

என் பக்கத்து வீட்டு அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். ஒருவன் உருப்படி, ஒருவன் குடிகாரன். பென்ஷன் வந்த அன்றைக்கே பாதியைப் பிடுங்கிக்கொண்டு போவான். பிரெஞ்சுக் கருவூலம் ஒரு தடவைகூட, உன் சின்ன மகன் திருந்தட்டும், அதுவரை நிறுத்திவைக்கிறோம் என்று எழுதியதில்லை. எழுதக் கூடாது என்பது அதற்குத் தெரியும். அது தானம் இல்லை, பாக்கி.

காலம் கடந்துவிட்டது என்பது அடுத்த வாதம். பாதிக்கப்பட்டவனும் இல்லை, பாதித்தவனும் இல்லையாம். 1825-ல் ஆணை போட்ட மன்னராட்சி ஐந்து வருஷத்தில் கவிழ்ந்தது. அடுத்த மன்னர் வசூலித்தார். 1848-ல் அவரும் போனார், அடிமை முறையை ஒழித்த இரண்டாம் குடியரசு வந்தது. அது தன் தீவுகளில் அடிமைகளை விடுவித்துக்கொண்டே ஹைட்டியிடம் வசூலித்தது. பேரரசு வந்தது, வசூலித்தது. மூன்றாம் குடியரசும் விடவில்லை. ஆட்சி மாறியதால் கடன் போய்விட்டது என்று அப்போது யாரும் சொல்லவில்லையே. வாங்கும்போது எல்லா ஆட்சிக்கும் ஒரே பேரேடு, திருப்பும்போது மட்டும் ஆளுக்கொரு பேரேடா? செத்தவர்களின் வாரிசு என்ற பேச்சும் அப்படித்தான். பணத்தை யார் யாருக்குப் பிரித்தார்கள் என்று 1828 முதல் உங்கள் அரசே தொகுதி தொகுதியாக அச்சிட்டு வைத்திருக்கிறது. தோட்டத்தின் பெயர், பழைய சொந்தக்காரர், அவர் செத்திருந்தால் வாரிசுகள், ஆளுக்கு எத்தனை பிராங்க் எத்தனை சாந்தீம் என்று வரிவரியாக. முதலாளியின் வாரிசை அவ்வளவு அழகாகக் கண்டுபிடித்த கைக்கு மற்றவன் வாரிசைத் தெரியாமல் போகுமா?

பிரிட்டன் 1833-ல் அடிமை முறையை ஒழித்தபோது முதலாளிகளுக்கு 2 கோடி பவுண்ட் கொடுத்தது. அதற்காக வாங்கிய கடனின் கடைசி மிச்சம் 2015-ல்தான் தீர்ந்தது. 1949-ல் இந்தோனேசியா விடுதலை பெற்றபோது டச்சு அரசு 400 கோடி கில்டருக்கு மேல் கடனை அதன் தலையில் வைத்தது. தன்னை அடக்க நடத்திய போரின் செலவும் அதில் உண்டு. பணக்கார நாடு, ஏழை நாடு என்ற பேச்சு வரும்போது உழைப்பு, ஒழுக்கம், ஊழல், தட்பவெப்பம் என்று நிறையக் காரணம் சொல்கிறார்கள். ஒருவன் வீட்டுத் தவணையை இன்னொருவன் நூற்றுக்கு மேற்பட்ட வருஷம் கட்டினான் என்பதை யாரும் முதல் வரியில் எழுதுவதில்லை. நீங்கள் எழுதலாம்.

ஒரு சொல்லை மட்டும் அறிக்கையில் சேர்க்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உதவி. கொடுக்கப் போவது பள்ளிக்கூடமாக இருக்கட்டும், ஆஸ்பத்திரியாக இருக்கட்டும், ரொக்கமாக இருக்கட்டும், ஐம்பது வருஷத் தவணையாகக்கூட இருக்கட்டும். திருப்பித் தருவதற்கு எங்கள் மொழியில் வேறு சொல் இருக்கிறது, உங்கள் மொழியிலும் இருக்கிறது.

நேற்று இந்த மடலை எழுதிக்கொண்டிருந்தபோது அக்கா வந்தார். இந்த வருஷப் படிவம் வந்திருந்தது. கையெழுத்துப் போட இடத்தைக் காட்டினேன். யாருக்குத் தம்பி இவ்வளவு நீளமா எழுதுற என்றார். ஹைட்டி என்று ஒரு ஊர், உங்க பிரான்ஸ்காரங்களுக்குக் காசு கட்டினாங்க, அதைத் திருப்பிக் கேக்குறாங்க என்றேன். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார்.

"கட்டினதுக்கு ரசீது வெச்சிருக்காங்களா?"

"இருக்குக்கா. பிரான்ஸ்லயே இருக்கு."

"அப்புறம் என்ன, குடுத்துடுவாங்க. அவங்க காயிதத்த தொலைக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்,
புதுச்சேரி.